அழுகைக்கு அட்டை இல்லை

கேமரா சுற்ற ஆரம்பித்ததும் ஆர்டிஸின் அப்பா செத்துப்போவார். நின்றதும் பிழைத்துக்கொள்வார். ஒரு மனிதர் இப்படி எத்தனை தடவைதான் செத்துப் பிழைப்பார் என்று ஹாலிவுட்டில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆர்டிஸ் ஒருத்திதான் கவலைப்பட்டாள். அதையும் கேமரா சுற்றாத நேரத்தில் செய்ததால் யாருக்கும் உபயோகப்படவில்லை.

ஊமைப் படம் பார்க்கிற ஊர் உலகத்துக்கு அவள் பேபி பாப்பி. வயது ஐந்து. மூன்று வருடமாக ஐந்து. நிஜத்தில் எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. வளராமல் இருப்பது அவள் கையில் இல்லை என்பதால் அந்தப் பொறுப்பை ஸ்டூடியோ தச்சர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவள் கொஞ்சம் உயர்ந்தால் மேசை இன்னும் கொஞ்சம் உயரும். நாற்காலி அகலும். கதவின் கைப்பிடி மேலே ஏறும். கடைசியாக அவளுக்குத் தாத்தாவாக நடிக்க வந்தவர் சர்க்கஸிலிருந்து பிடித்துவரப்பட்ட ஏழடி ராட்சசர். பாசத்தோடு அவளைத் தூக்கப்போய் மேலே தொங்கிய விளக்கில் மண்டையை இடித்துக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்கு ஒரு டீச்சரம்மா வருவதுண்டு. அவருக்கும் நடிப்பு ஆசை இருந்தது. கூட்டத்தில் நிற்கும் வேஷம் கிடைத்ததும் பாடம் நின்றுபோயிற்று. "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு சார் எழுத்து?" என்று ஸ்டூடியோ முதலாளியிடம் சொல்லிவிட்டாள் ஆர்டிஸின் அம்மா மர்டில். வாதத்தில் குறையில்லை. வயதில்தான் குறை.

அழுகைதான் ஆர்டிஸின் தொழில். அதை வரவழைக்க டைரக்டர் லாம்பெர்ட் ஒரு முறை வைத்திருந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் வயலின்காரர் ஒரு சோகப் பாட்டை இழுக்க, லாம்பெர்ட் அவள்முன் மண்டியிட்டு நாய்க்குட்டி செத்துவிட்டது என்று சொன்னார். அழுதாள். அடுத்த படத்துக்குள் அதே நாய்க்குட்டி அவள் செருப்பைக் கடித்துத் துப்பியிருந்ததால் அந்தப் பொய் செல்லாக்காசாகிவிட்டது. பிறகுதான் லாம்பெர்ட் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணு, ஊர்லேர்ந்து தந்தி வந்திருக்கு. அப்பா போயிட்டாராம்."

அன்றைக்கு அவள் அழுத அழுகையில் விளக்குப் பிடிக்கிற முரடர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். கேமரா நின்றதும் லாம்பெர்ட் அவளைத் தூக்கிச் சுற்றினார். "பொய்யிடா தங்கம்! சும்மா! உங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு! யாராவது இந்தப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் குடுங்கப்பா!"

அதற்குப் பிறகு படத்துக்குப் படம் தந்தி வந்தது.

இதற்கு நடுவில் சினிமாப் பத்திரிகை ஒன்று, பேபி பாப்பியின் தந்தை பிரான்ஸ் போர்க்களத்தில் வீரமரணம் அடைந்ததாக எழுதியது. அம்மா வாசித்துக் காட்டினாள்.

"நிஜமாவாம்மா?"

"பத்திரிகைன்னா நாலும் போடுவான்."

"அப்ப உசிரோட இருக்காரா?"

"வாய மூடிட்டுத் தூங்கு. கண்ணு வீங்கினா குளோஸ்-அப்ல தெரியும்."

உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சாமியைப் பற்றித்தான் பாதிரியார் இப்படிக் குழப்புவார்.

ஆர்டிஸுக்கு அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது. கான்சாஸில், டொபீகா ஊர் ரயில்வே பட்டறையில் பாய்லர் கட்டுகிறவர், வெண்டல் ப்ரூயிட். பாய்லருக்குள் புகுந்து உட்கார்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிப்பது அவர் வேலை. வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். சர்ச் மணிக்குள்ளே குடித்தனம் நடத்துகிற மாதிரி. ஆர்டிஸ் பிறப்பதற்கு வெகுமுன்பே அவருக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் அந்த வீட்டில் குரலை வீணாக்குவதில்லை. வாயைத் தெளிவாகத் திறந்து, முகத்தை அவர் பக்கம் வைத்து, புருவத்தோடு சேர்த்துப் பேசினால் போதும். சத்தம் போட்டுப் பேசுவதெல்லாம் விருந்தாளி வந்தால்தான்.

இரண்டு வாரம் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று மர்டில் அவளை லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கூட்டிவந்தாள். நின்றிருந்த டிராமின் கண்ணாடிக்கு உள்ளே பிள்ளையும், வெளியே அம்மாவும், சத்தமே இல்லாமல் ஒரு ரொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை லாம்பெர்ட் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாம் புரிந்தது. ஊமைப் படத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்த இரண்டு வாரம்தான் இன்னும் முடியவில்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் ஆர்டிஸுக்கு ஞாபகம் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் சினிமாவுக்குப் போவார். கொட்டகையில் அவரும் மற்றவர்களும் சமம். சமம் என்ன, ஒரு படி மேல். கதாநாயகி சாகக் கிடக்க ஊரே உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அப்பா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "அவ என்ன சொல்றா தெரியுமா? 'முழங்கைய எடுய்யா, என் முடிய அமுக்கறே'ங்கறா" என்று அவள் பக்கம் திரும்பி வாயசைப்பார். நடிகர்கள் கேமரா முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம், யாருக்குக் கேட்கப்போகிறது என்பது ஹாலிவுட்டின் நம்பிக்கை. அப்பா மாதிரி ஆட்களை அது கணக்கில் எடுக்கவில்லை.

ஆக, அப்பா உயிரோடு இருந்தால் சனிக்கிழமை கொட்டகையில் இருப்பார். கொட்டகையில் இருந்தால் அவளைப் பார்ப்பார். பார்த்தால் படிப்பார். எழுதத் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல தபால் கிடையாது.

அடுத்த படத்தில், அனாதை விடுதிக்காரியிடம் கஞ்சி கேட்கும் காட்சியில், கேமராவைப் பார்த்து வாயசைத்தாள்: "அப்பா, நீ உசிரோட இருக்கியா?"

படம் வெளியான அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் அவள் வாய் திறந்தது. "அப்..." அவ்வளவுதான். கறுப்பு அட்டை ஒன்று வந்து திரையை மூடியது. பூப்போட்ட ஓரம், நடுவில் எழுத்து. அம்மா உருகிப்போய் வாசித்தாள்: "'அம்மணி, இன்னும் கொஞ்சம் கஞ்சி தருவீர்களா?'" அட்டை போனபோது ஆர்டிஸின் வாய் மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டறைக்குப் போனாள். அங்கே பெர்த்தா, கழுத்தைச் சுற்றிப் படச்சுருள், வாயில் கத்தரிக்கோல் என்று உட்கார்ந்திருந்தாள். படத்தை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஆர்டிஸைப் பெரியவளாக நடத்தும் ஒரே ஆள்; ஆனால் யாரையும் மரியாதையாக நடத்தமாட்டாள்.

"என் பேச்ச ஏன் வெட்டினீங்க?"

"பார்றா, மகாராணி வந்துட்டாங்க. பேசினா வெட்டித்தான்டி ஆகணும். வாய் தொறந்ததும் வெட்டு, அட்டை, வாய் மூடறப்ப மறுபடி நீ. எல்லாருக்கும் அதான் சட்டம்."

"எப்பவுமேவா?"

"அழறப்ப மாட்டேன். நீ அழறப்ப அட்டை போட்டேன்னா லாம்பெர்ட் என்னை வெட்டிருவான். அழுகைக்கு எதுக்கு அட்டை? அது எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான்." கத்தரிக்கோலால் அவள் மூக்கைக் காட்டினாள். "போ, போய்ச் சாப்பிடு. இங்க நெருப்பு பிடிச்சா ரெண்டு பேரும் கட்லெட்டு."

ஆர்டிஸ் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தந்தி வந்தபோது கண்ணீரோடு வாயையும் அசைத்தாள். அழும்போது உதடு கோணும். கோணாமல் பேச, படுக்கையில் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழகியிருந்தாள். "அப்பா, நீ உசிரோட இருந்தா வா." படம் வெளியானபோது அட்டை வரவில்லை. ஜனங்கள் தேம்பினார்கள். அம்மா அன்று கொட்டகைக்கு வெளியே ரசிகர்களுக்குப் பாடிக் காட்டித் தன் குரலைக் கேட்கவைத்துக்கொண்டிருந்ததால் இந்தக் காட்சியைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விபரீதம் நடந்தது. கூப்பிட்டாயிற்று என்ற தெம்பில் ஆர்டிஸுக்கு அழுகை வற்றிவிட்டது. லாம்பெர்ட் தந்தியை வாசித்தால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கிளிசரினை ஊற்றிப் பார்த்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் சளி பிடித்த பிள்ளை மாதிரி இருந்தது. ஸ்டூடியோ முதலாளி தன் அறையில் உட்கார்ந்து, வேறு குழந்தைகளின் போட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். மர்டில் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார்.

பேபி பாப்பிக்குச் சொந்தக்காரர்கள் வருவது வாசல்காரனுக்குப் புதிதில்லை. வாரத்துக்கு நாலு மாமா, ரெண்டு சித்தப்பா. "பெருசு, நடையக் கட்டு" என்றான். அந்த ஆள் நகரவில்லை. "காது செவிடா?" என்றான். அந்த ஆள் அவன் வாயையே பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

காரில் வந்த லாம்பெர்ட் கேட்டார், "யாருய்யா இது?"

"பாப்பியோட அப்பாங்கறான் சார். செத்துப்போனவர்."

லாம்பெர்ட் இறங்கிவந்து அந்த மனிதரைச் சுற்றிப் பார்த்தார். தாடையில் பாப்பிக்கு இருக்கிற அதே குழி. அவர் மூளையில் விளக்கு எரிந்தது. இத்தனை நாள் அப்பா போய்விட்டதாகச் சொன்னோம்; வாயால் சொன்னால் இனி எடுபடாது. கண்ணெதிரே நிறுத்தி, கண்ணெதிரே போகவைத்தால்?

அன்றைய காட்சி, அம்மாவின் மரணப் படுக்கை அருகே குழந்தை பிரார்த்தனை செய்வது. கட்டில் ஒரு படகளவு இருந்தது. வயலின் ஆரம்பித்தது. ஆர்டிஸ் நிமிர்ந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறா! ஐயோ, சிரிக்கிறா!" என்று அலறினார் லாம்பெர்ட். "விடாத, சுத்து! யோவ் ப்ரூயிட், கிளம்பு! திரும்பி நட! கதவப் பார்த்து நட!"

ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டுதான் டைரக்டர்கள் கத்துவார்கள். வாயே தெரியாத மனிதரை வெண்டல் எப்படிப் படிப்பார்? ஒரு தகரக் கூம்பு தன் பக்கம் திரும்பி ஆடுவதை மரியாதைக்கு ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"உசிரோட இருக்கேன்" என்றது அவர் உதடு.

"ஏன் வரல?"

"நீ என்னை மறந்துட்டேன்னு உங்கம்மா எழுதினா. கூட்டத்துக்கு நடுவுல சங்கடப்படுத்தாதேன்னா. அப்புறம் படத்துல கூப்பிட்டே. மூணு சனிக்கிழமை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன், நான்தான் தப்பாப் படிச்சேனோன்னு."

"தப்பில்லப்பா."

"உசரமாயிட்டே."

"சத்தமாச் சொல்லாதே" என்றாள் ஆர்டிஸ், பழக்கதோஷத்தில்.

சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். வயலின் அழுதது. விளக்குகள் சீறின. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை அழகாக நடிக்கிறாள், கண்ணீர்தான் பாக்கி என்று நினைத்தார்கள். "கூட்டிட்டுப் போறியா?" என்று ஆர்டிஸ் கேட்டாள். "வர்றியா?" என்றார் அப்பா.

அந்த முப்பது பேரில் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் கேட்டது. பன்னிரண்டு வருடம் அதே வீட்டில், அதே பேச்சைப் பேசினவள். மர்டில் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. நடந்துபோய் கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல், கணவருக்கு முன்னால், மகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு பாவாடை அகலம் போதுமாயிருந்தது. பேச்சு அறுந்துபோயிற்று.

அம்மாவின் முதுகைப் பார்த்தபடி ஆர்டிஸ் நின்றாள். அம்மாவின் கழுத்து நரம்பு அசைந்தது. அவரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'போயிடு' என்றிருக்கும். அந்தப் பக்கம் அப்பாவின் தொப்பி நுனி மட்டும் தெரிந்தது. அது நகர ஆரம்பித்தது.

கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் அம்மாவின் முதுகிலிருந்து பார்வையை எடுத்து, கேமராவின் கண்ணாடிக்குள் பார்த்தாள். அம்மாவால் அப்பாவைத்தான் மறைக்க முடிந்தது. முகவாயைத் தூக்கினாள். உதட்டைக் கோணாமல் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் போவா. என் வீடு எதுன்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பின்னால எலுமிச்சை மரம் இருக்கு, அங்க ஒரு கதவு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அங்க நிக்கறேன். எத்தன நாளானாலும் நிக்கறேன்."

"கட்!" என்று கத்திவிட்டு லாம்பெர்ட் கூம்பைத் தூக்கிப் போட்டார். அவரே அழுதுகொண்டிருந்தார்.

வெண்டலை இரண்டு போலீஸ்காரர்கள் ரயிலேற்றினார்கள். பிரான்ஸில் செத்தவர் டொபீகாவில் உயிரோடு இருப்பது குற்றமில்லை. ஆனால் ஹாலிவுட்டில் உயிரோடு இருந்தால் அது ஆள்மாறாட்டம் என்று விளக்கினார்கள். மறுபடி வந்தால் கம்பி எண்ணவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். அவர் அவர்கள் வாயைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக வாங்கிக்கொண்டாராம்.

ஆர்டிஸ் வெட்டறைக்கு ஓடினாள்.

"பெர்த்தாக்கா, கட்டில் சீன்ல அட்டை உண்டா?"

"முதலாளி கேக்கறாரு. 'இயேசுவே, இனிமேல் நல்ல பிள்ளையாக இருப்பேன்'னு." பெர்த்தா படச்சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அழுகைதானே, வேண்டாம்னேன். எழுதினவனுக்குச் சம்பளம் குடுத்தாச்சு, போட்டே ஆகணுங்கறாரு."

"முன்னாடியே போட்டுருங்களேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி."

பெர்த்தா அவளைப் பார்த்தாள். கத்தரிக்கோலை வாயிலிருந்து எடுத்தாள். "இவ்ளோ நீளத்துக்கு அப்படி என்னடி பேசினே?"

"ஜெபம்."

"நான் சர்ச்சுக்குப் போய் வருஷமாச்சு. யாரோட ஜெபத்தையும் வெட்டின பாவம் எனக்கு வேண்டாம்" என்று பெர்த்தா சுருளைத் திருப்பிச் சுற்றினாள். "சொல்லி வைக்கறேன். இங்க ஓடி முடிச்சு, பெரிய ஊரெல்லாம் சுத்திட்டு, உன் கான்சாஸ் பக்கம் படம் போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிரம் கீறல் விழுந்திருக்கும். திரையில எந்நேரமும் மழை பெய்யற மாதிரி இருக்கும். என்ன ஜெபமா இருந்தாலும் நனைஞ்சுதான் போகும்."

வெளியீட்டு நாளில் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அட்டை வந்தது. பூப்போட்ட ஓரம், இயேசு, நல்ல பிள்ளை. போயிற்று. பிறகு சுவர் அளவுக்கு ஆர்டிஸின் முகம். முகவாய் உயர்ந்தது. வாய் திறந்தது. வெட்டு இல்லை. எலுமிச்சை மரம் வரைக்கும், கதவு வரைக்கும், எத்தனை நாளானாலும் வரைக்கும். ஆர்கன் முழங்க, கொட்டகை முழுக்க விம்மல்.

இருட்டில் அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

காரில் ஏறும்வரை மர்டில் எல்லாரிடமும் சிரித்தாள். கதவைச் சாத்தியதும் சொன்னாள்: "உனக்கு என்ன தெரியும்? பன்னெண்டு வருஷம் அந்த வீட்ல நான் பாடினா கேக்க நாதியில்ல. பாத்திரத்தைப் போட்டு உடைச்சாக்கூட அந்த மனுஷன் திரும்ப மாட்டான். இங்கதான் நான் வாயத் தொறந்தா நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க."

"அப்பா திரும்பிப் பாத்தாரும்மா. நீதான் குறுக்க நின்னே."

அறை விழுந்தது. கன்னத்தில் இல்லை, கன்னம் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். முதுகில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மர்டில் சர்ச்சுக்குப் போகவில்லை. எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் பட்டாணியைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள். அதற்கடுத்த ஞாயிறும் பட்டாணி. ஆர்டிஸ் ஜன்னலில் நின்றாள். படம் இப்போது சிகாகோவில் இருக்கும். இப்போது செயின்ட் லூயிஸ். என் வாய்மேல் இன்னும் மழை விழுந்திருக்காது.

படம் டொபீகாவை எட்டுவதற்குள் வேறொன்று எட்டிவிட்டது. புதுப் படத்துக்கு அரங்கம் போட்ட தச்சர், இதற்குமேல் மேசையை உயர்த்தினால் விளக்குகளில் இடிக்கும் என்று கையை விரித்துவிட்டார். சர்க்கஸ் தாத்தாவும் ஊருக்குப் போய்விட்டார். முதலாளி மர்டிலைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வளர்வது இயற்கை என்றும், அதற்கு ஸ்டூடியோ பொறுப்பல்ல என்றும் சொன்னார். எலுமிச்சை மர வீடு ஸ்டூடியோவின் வீடு. மாதக் கடைசியில் காலி செய்தார்கள்.

பெட்டிகள் வண்டியில் ஏறும்போதுதான் ஆர்டிஸுக்கு உறைத்தது. அவள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கதவை. இனி அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் இல்லை. திரையில் இருக்கும் ஆர்டிஸுக்கு இது தெரியாது. அவள் இன்னமும் வரச்சொல்லி அழுதுகொண்டிருப்பாள்.

வாடகை அறைக்குப் போன பிறகு மர்டில் பட்டாணியை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் முதலாளிகள் வீட்டில் இருப்பார்கள் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்க் குரலைக் கேட்கவைக்க முயன்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் ஆர்டிஸ் டிராம் ஏறி, பழைய வீட்டின் பின்கதவுக்கு, இந்த முறை வெளிப்பக்கமாக வந்து நின்றாள்.

அந்த வீட்டில் இப்போது பேபி பெட்டூனியா குடியிருந்தாள். நிஜமாகவே ஐந்து வயது. அவளுடைய அம்மா கதவைத் திறந்து, ஆர்டிஸை மேலும் கீழும் பார்த்து, "பாவம், வெயில்ல நிக்கறியே" என்று பெட்டூனியாவின் கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்றைக் கொடுத்தாள். அடுத்த வாரமும் கொடுத்தாள். ஆர்டிஸிடம் ஒரே போட்டோ நிறையச் சேர்ந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு முன்பே கதவருகே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சட்டைக்கையில் செருப்பு மெழுகு படிந்த ஒரு ஆள், ஊதாத் தொப்பி வைத்த ஒரு அம்மாள். இருவரும் கைகளால் விரசாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கைகள் நின்றன. அந்த அம்மாள் குனிந்து, ஆர்டிஸின் முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நீதானே?" குரல் தூக்கித் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது, உதடு தெளிவாக இருந்தது. "நாங்க பக்கத்து ஊரு, பசடீனா. படம் பார்த்தோம். அப்பா வந்தாரா?"

ஆர்டிஸ் இல்லையென்று தலையாட்டினாள்.

"சரி" என்றார் செருப்புத் தைப்பவர். காகிதப் பையிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார். "நாங்களும் நிக்கறோம்."

அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர் ஆனார்கள். ஒரு அச்சுக்கோக்கிறவர், ஒரு தையற்காரி, செவிடர் பள்ளிப் பையன்கள் இருவர். ஊரே அழுதபோது இவர்களுக்கு மட்டும் விலாசம் கிடைத்திருக்கிறது. அச்சுக்கோக்கிறவர், தங்கள் ஆட்களுக்கென்று நடக்கும் பத்திரிகையில் நாலு வரி போட்டிருப்பதாகச் சொன்னார். "கான்சாஸ் ஆளுங்க கண்ல பட்டா, உங்கப்பா எந்தக் கொட்டகையில இருந்தாலும் தோளத் தட்டிச் சொல்லிருவாங்க."

பெட்டூனியாவின் அம்மா மாடியிலிருந்து பார்த்துப் பூரித்துப்போனாள். கத்தவில்லை, தள்ளவில்லை, இவ்வளவு அடக்கமான ரசிகர்களை அவள் கண்டதில்லை. எல்லாருக்கும் போட்டோ கொடுத்தாள். அவர்களும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

அது வெயில் ஏறிய ஒரு ஞாயிறு. ஊதாத் தொப்பி அம்மாள் ஆர்டிஸுக்கு விரலால் 'எலுமிச்சை' சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் டிராமின் மணி அடித்தது. அந்தக் கூட்டத்தில் ஆர்டிஸுக்கு மட்டும்தான் அது கேட்டது. பழக்கத்தில் திரும்பினாள். வாரா வாரம் திரும்புவாள், யாரோ இறங்குவார்கள், மறுபடி இந்தப் பக்கம் திரும்பிவிடுவாள்.

இந்த முறை மறுபடி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மாளின் கை காற்றில் நின்றது. டிராம் எந்தப் பக்கம், யார் இறங்கினார்கள் என்று அவள் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆர்டிஸின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அது கோணியது, மூக்கு ஒழுகியது, உதடு என்னவோ ஆரம்பித்து, சொல்லத் தெரியாமல் நின்றது. லாம்பெர்ட் பார்த்திருந்தால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருப்பார். அவர்களுக்கு அந்த ஒரு தடவை போதுமாயிருந்தது. செருப்புத் தைப்பவர் சுவரைவிட்டு நிமிர்ந்து, அவள் ஓடுவதற்கு வழிவிட்டார்.